கதவைச் சாத்தச் சொல்லி யாரும் கத்தாத லிஃப்ட்

அக்காவை நான் முதலில் பார்த்தது அவரிடம் ஒரு கையெழுத்து வாங்கப் போனபோது. கையெழுத்துப் போட வேண்டிய வலது கைக்கு ஒன்றும் ஆகவில்லை. இடது கைதான் பெரிய கட்டோடு கழுத்திலிருந்து தொங்கியது. அந்தக் கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் இனி இல்லை என்பதைக் கோப்பில் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன்.

விபத்துக் காப்பீட்டு ஆய்வாளர் ஒருவரிடம் உதவியாளனாகச் சேர்ந்து எனக்கு அப்போது மூன்று மாதம். விபத்து நடந்த இடத்துக்குப் போவது, அளப்பது, படம் எடுப்பது, சம்பந்தப்பட்டவர்களிடம் வாக்குமூலம் வாங்குவது, தவறு யார் பக்கம் என்று காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுப்பது, இதுதான் எங்கள் தொழில். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இயற்பியல் பட்டம். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு அன்றும் கூச்சமில்லை, இன்றும் இல்லை. ஊரில் எங்கள் வீட்டுக் கதவு கயிறு போட்டுக் கட்டியது. நகரத்தில் லிஃப்ட் கதவு எப்படி வேலை செய்கிறது என்று அறிக்கை எழுதும் அளவுக்கு வந்துவிட்டோம் என்று அந்த மூன்று மாதமும் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு நடந்தேன்.

அந்தக் குடியிருப்புக்கு ஐந்து மாடி, நாற்பது வீடு, ஒரே ஒரு லிஃப்ட். பழைய மாதிரி. வெளியே மரக் கதவு தானாக மூடிக்கொள்ளும். உள்ளே ஒரு கம்பிக் கதவு, அதைக் கையால் இழுத்துச் சாத்த வேண்டும். அக்கா அந்தக் கட்டடத்தில் குடியிருப்பவர் அல்ல. மாடிப்படிக்கு அடியில் மேசை போட்டு நாற்பது வீட்டுத் துணியையும் தேய்த்துக் கொடுப்பவர். அவருக்கு ஒரு பெயர் இருந்தது, கோப்பில் எழுதியிருந்தது. கட்டடத்தில் யாருக்கும் அது தெரியாது. எல்லோருக்கும் இஸ்திரி அக்காதான்.

வாக்குமூலத்தை நான் எழுத வேண்டிய வேலையே இருக்கவில்லை. குடியிருப்போர் சங்கச் செயலாளர் அழகாகத் தட்டச்சு செய்து, கையெழுத்து போட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளியும் வைத்திருந்தார்.

“அந்தம்மா வாயைத் திறந்தா மூடாது சார். நீங்க எதுவும் கேக்க வேணாம். கையெழுத்தை மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க” என்று குளிர்ந்த மோர் கொடுத்து அனுப்பி வைத்தார்.

படிக்கட்டுக்கு அடியில் அக்காவின் கணவர் தேய்த்துக்கொண்டிருந்தார். அக்கா பக்கத்தில் நின்று அவரைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“காலரை நடுவுல இருந்து தேய்க்காத. ஓரத்துல இருந்து உள்ள வா. பாரு, சுருங்குது பாரு!”

“கை உடைஞ்சும் உன் வாய் ஓயலையே.”

“வாய் லிஃப்டுல மாட்டலையே.”

நான் யார் என்று சொல்லிக் காகிதத்தை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“தம்பி என்ன படிச்சிருக்கீங்க?”

“பி.எஸ்சி. பிசிக்ஸ்க்கா.”

“வீட்ல முதல் படிப்பா?”

“ஆமாக்கா.”

“அப்ப நல்லா சத்தமா படிங்க. எனக்கும் படிக்கத் தெரியும். ஆனா இதை எழுதினவங்க வாயில இது எப்படி இருக்கும்னு கேக்கணும்.”

படித்தேன். “நான் இக்குடியிருப்பைச் சேர்ந்தவள் அல்ல.”

“சரி. உண்மை.”

“‘குடியிருப்போர் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்ற அறிவிப்பைப் பொருட்படுத்தாமல், யாருடைய அனுமதியும் இன்றி லிஃப்டில் ஏறினேன்.”

“அனுமதி இல்லாமயா? மூணாவது மாடி நர்ஸம்மா தினம் காலைல பால்கனில நின்னு ‘அக்கா, யூனிபார்ம் மேல கொண்டா, டூட்டிக்கு நேரமாச்சு’ன்னு தொண்டை கிழியக் கத்துதே, அது என்ன, பாட்டு கத்துக்குதா? அஞ்சாவது மாடிக்கு நாலு மூட்டையை நான் பறந்தா கொண்டு போவேன்? மேல படிங்க.”

“உள் கதவைச் சாத்தாமல் விட்டது முழுக்க முழுக்க என் கவனக்குறைவு. இதற்குச் சங்கமோ பராமரிப்பு நிறுவனமோ எவ்விதத்திலும் பொறுப்பல்ல.”

கணவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டார். அக்கா என் கையிலிருந்த காகிதத்தை எட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

“உள்கேட்டு சாத்தலேன்னா லிஃப்ட் எப்படித் தம்பி நகர்ந்துச்சு? அது எழுதியிருக்கா இதுல?”

எழுதியிருக்கவில்லை. அந்தக் கேள்வியை நான் முன்பே கேட்டிருக்க வேண்டும். கம்பிக் கதவின் மேல் ஓரத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு சுவிட்ச் இருக்கும். கதவு முழுசாகச் சாத்தினால்தான் அதன் இரு முனையும் கூடும், மின்சாரம் போகும், லிஃப்ட் நகரும். விபத்துக்கு மறுநாள் நானே போய்க் கதவைத் திறந்து வைத்துப் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். லிஃப்ட் அசையவில்லை. பராமரிப்பு நிறுவனமும் அப்படித்தான் சான்று கொடுத்திருந்தது. ஆகவே அந்தம்மா பொய் சொல்கிறார் என்று எனக்குள் ஏற்கெனவே தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன். அதை அவரிடம் கொஞ்சம் பூசி மெழுகிச் சொன்னேன்.

“நீங்க பாத்தது மறுநாள். அதுக்கு முந்தின சாயங்காலமே மெக்கானிக் வந்து உள்ள போட்டிருந்த வயரைப் பிடுங்கிட்டுப் போயாச்சு. என்னை ஆஸ்பத்திரியில மயக்க ஊசி போட்டுப் படுக்க வெச்சிருந்தாங்க.”

“வயர் இருந்ததுக்கு என்னக்கா சாட்சி?”

அவர் வலது கையின் ஒரு விரலை மேலே காட்டினார். எனக்கு எதுவும் புரியவில்லை. ஒரு நிமிடம் இருக்கும். நாலாவது மாடியிலிருந்து ஒரு குரல் லிஃப்ட் குழிக்குள் இடி மாதிரி இறங்கியது.

“ரெண்டாவது மாடீ! கேட்டைச் சாத்துங்க! எவ்வளவு நேரமா பட்டனை அமுக்கறது!”

“கேட்டீங்களா?” என்றார் அக்கா. “நான் இங்க மேசை போட்ட நாள்ல இருந்து இந்தச் சத்தம் உண்டு. எவனாவது கேட்டைத் திறந்து போட்டுட்டுப் போயிடுவான், லிஃப்ட் அங்கேயே நிக்கும், மேல இருக்கிறவன் கத்துவான். போன வருஷம் ஒருநாள் திடீர்னு நின்னுபோச்சு. ஒரு வருஷம், தம்பி, ஒருத்தரும் கத்தல. என் விரல் போன மறுநாள்ல இருந்து திரும்பக் கத்தறாங்க. ஏன்னு உங்க பிசிக்ஸைக் கேட்டுச் சொல்லுங்க.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுவிட்சின் இரு முனையையும் ஒரு சாண் கம்பியால் இணைத்துவிட்டால் போதும். கதவு சாத்தியிருப்பதாகவே லிஃப்ட் நம்பும், திறந்து கிடந்தாலும் ஓடும். யாரும் கத்த வேண்டியிருக்காது.

அதன் பிறகுதான் விபத்து எப்படி நடந்தது என்று கேட்டேன். இரண்டு தோளிலும் மூட்டையோடு கீழ்த்தளத்தில் ஏறியிருக்கிறார். வெளிக்கதவு தானாக மூடிக்கொண்டது. மூட்டையை இறக்கிவிட்டுக் கம்பிக் கதவை இழுக்கலாம் என்று திரும்பும் முன் மேலே யாரோ பொத்தானை அழுத்த, லிஃப்ட் கிளம்பிவிட்டது. ஒரு மூட்டையின் முடிச்சு இடது மணிக்கட்டில் சுற்றியிருந்தது. போர்வையின் வால் லிஃப்டின் விளிம்புக்கு வெளியே தொங்கியது. முதல் மாடித் தளத்தின் விளிம்பில் அது மாட்டிக்கொண்டது. லிஃப்ட் மேலே போனது, போர்வை கையைக் கீழே இழுத்தது, கை லிஃப்டுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள சந்துக்குப் போனது. “போர்வை கிழிஞ்சதால நான் இருக்கேன். நல்ல துணியா இருந்திருந்தா கையே போயிருக்கும்” என்றார். அந்தப் போர்வைக்காரர் பிறகு வந்து போர்வையைப் பற்றி விசாரித்தாராம்.

கணவர் மெதுவாகச் சொன்னார். “போட்டுடு. கையெழுத்துப் போட்டா இந்த இடம் நம்மளுது. இல்லேன்னா மேசையைத் தூக்கச் சொல்லிட்டாரு செயலாளர். விரல் திரும்பி வரப்போறதில்ல.”

“இடம் போனா வேற இடம் பாப்போம். ‘என் தப்பு’ன்னு எழுதிக் குடுத்துட்டு இங்க நின்னா, காலைல வந்ததும் லிஃப்டைப் பாக்கணும், சாயங்காலம் போறப்பவும் பாக்கணும். அது என்னைப் பாத்துச் சிரிக்கும். முடியாதுய்யா.” என் பக்கம் திரும்பினார். “வெள்ளைத் தாள் இருக்கா தம்பி? நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. நான் சொன்னதை மட்டும்.”

ஒன்பது பக்கம் வந்தது. ஒவ்வொரு பக்கத்தையும் படிக்கச் சொல்லிக் கேட்டு, இரண்டு இடத்தில் என்னைத் திருத்தி, ஒன்பதிலும் கையெழுத்துப் போட்டார். செயலாளரின் காகிதத்தை நாலாக மடித்து, சூடான இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் தாங்கலாக வைத்தார்.

எங்கள் ஆய்வாளர் ஒன்பது பக்கத்தையும் பார்த்துவிட்டு, “கையெழுத்து வாங்கத்தானே அனுப்பினேன்? நாவல் எழுதிட்டு வந்திருக்கே” என்றார். ஆனால் படித்தார். படித்து முடித்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கம்பிக் கதவின் சுவிட்சில் முப்பது வருட அழுக்கு. அதன் இரண்டு திருகாணிகளின் தலை மட்டும் புதுசாகச் சுரண்டிப் பளபளவென்று இருந்தது. படம் எடுத்துக்கொண்டோம். “சந்தேகத்துக்கு இது போதும். நிரூபிக்கப் போதாது” என்றார் ஆய்வாளர்.

இதற்குள் மறுநாள் காலையிலேயே மேசை வெளியே வந்துவிட்டது. செயலாளர் நேரில் நின்று காவலாளியை விட்டுத் தூக்க வைத்தார். வாசலில் பத்துப் பேர் வேடிக்கை பார்த்தார்கள்.

“எட்டு வருஷம் உனக்கு நிழல் குடுத்தோம், கரண்ட் குடுத்தோம். கொஞ்சமாவது நன்றி இருக்கா?” என்றார் செயலாளர்.

“நிழலை எடுத்துக்குங்க சார். கரண்டையும் எடுத்துக்குங்க. விரலை மட்டும் திருப்பிக் குடுத்துடுங்க, கணக்குச் சரியாப் போயிடும்.”

யாரோ சிரித்தார்கள். செயலாளர் யாரென்று திரும்பிப் பார்ப்பதற்குள் எல்லோர் முகமும் சாதாரணமாகிவிட்டது.

அக்கா எதிர்ச் சாரியில் ஒரு பூட்டிய கடை வாசலில் மேசையைப் போட்டார். பக்கத்துத் தையல்காரர் தன் கடையிலிருந்து மின்கம்பி இழுக்க விட்டார். அன்று மாலையே அக்காவுக்கு ஒன்று நினைவு வந்தது. கத்தல் நின்ற அதே வாரம் லிஃப்ட் பக்கத்துப் பலகையில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். லிஃப்டுக்குக் காத்து நின்ற நேரமெல்லாம் அதை வாசித்திருக்கிறார். வீட்டுக்கு ஒரு பிரதியும் கொடுத்தார்கள். பலகையில் இப்போது அது இல்லை.

மறுநாளிலிருந்து படியேறினார். லிஃப்டில் அல்ல, படியில். தேய்த்த துணியைக் கொடுப்பார், பிறகு கேட்பார்: “போன வருஷ லிஃப்ட் நோட்டீஸ் இருக்கா?” நர்ஸம்மா தலையைக் குனிந்துகொண்டு, “யாரும் குடுக்கக் கூடாதுன்னு சங்கத்துல சொல்லியிருக்காங்கக்கா” என்றார். ஒருவர் சங்கிலி மாட்டிய கதவின் இடுக்கு வழியாகவே துணியை வாங்கி, இடுக்கு வழியாகவே இல்லை என்றார். இன்னொருவர், “அதெல்லாம் எதுக்கு உனக்கு, துணியைப் பாரு” என்றார். “துணியைப் பாத்துத்தான் சார் விரல் போச்சு” என்று சொல்லிவிட்டு அக்கா அடுத்த கதவைத் தட்டினார். மூன்று நாளில் முப்பத்தெட்டு வீடு. ஒருவரிடமும் இல்லை.

முப்பத்தொன்பதாவது வீடு இரண்டாவது மாடியில். அங்கே இருந்தவர் ஓய்வுபெற்ற எழுத்தர். கட்டடத்தில் ஃபைல் சார் என்பார்கள். தண்ணீர் வரி ரசீது முதல் பல் டாக்டர் சீட்டு வரை நூல் கோத்து வைப்பவர். கேட்டைச் சாத்தாமல் விடுவது அவர்தான் என்பது கட்டடம் அறிந்த ரகசியம். அக்கா கேட்டு முடிப்பதற்குள் உள்ளே போய் ஒரு கோப்பைக் கொண்டுவந்தார். அதன் மேல் ‘அவதூறு’ என்று எழுதியிருந்தது.

“உனக்காக ஒண்ணும் தரலம்மா. இதுல என்ன எழுதியிருக்கான் பாரு. ‘இரண்டாம் தளத்திலுள்ள ஒருவர்’ங்கறான். ரெண்டாவது மாடியில லிஃப்டுல போறது யாரு? எல்லாரும் சின்ன வயசு, படியில ஓடறாங்க. நான் ஒருத்தன்தான். பேரைச் சொல்லாம பேரைக் கெடுத்திருக்கான். ஒரு வருஷமா பதில் கடிதம் எழுதறேன், ஒண்ணுக்கும் பதில் இல்ல.”

“நீங்க கேட்டைத் திறந்து போட்டீங்களா இல்லையா சார்?”

“அது வேற விஷயம்” என்றார் ஃபைல் சார்.

அந்த நோட்டீஸை நான் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். அதில் இருந்தது இது:

‘மகிழ்ச்சியான செய்தி! இரண்டாம் தளத்திலுள்ள ஒருவரும், இஸ்திரித் துணியும் தண்ணீர் கேனும் கொண்டு வருபவர்களும் உள் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போவதால் லிஃப்ட் வராமல் நாம் பட்ட தொல்லை இன்றோடு ஒழிந்தது. இனி உள் கதவு திறந்திருந்தாலும் லிஃப்ட் நிற்காமல் இயங்கும். இடைவிடாத முயற்சியால் இதைச் சாதித்தவர் நம் செயலாளர்.’

கீழே தேதி, சங்க முத்திரை, அவருடைய கையெழுத்து. பாராட்டுக்கு ஆசைப்பட்டு அவரே எழுதி, அவரே முத்திரை குத்தி, நாற்பது வீட்டுக்கும் கொடுத்த காகிதம். கதவு திறந்திருந்தால் ஓடக் கூடாது என்பதற்காகவே ஒருவன் யோசித்து வைத்த பூட்டை முறித்துவிட்டு, அதைச் சாதனை என்று எழுதியிருந்தார். நாற்பது வீட்டில் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. அதில் பொறியாளர்கள் நாலு பேர்.

நோட்டீஸை அந்த ஒன்பது பக்கத்தோடு சேர்த்து ஆய்வாளர் அனுப்பியதும் விசாரணை வந்தது, லிஃப்ட் பாதுகாப்பு அதிகாரியின் அலுவலகத்தில். மூன்றாவது மாடி. அங்கும் லிஃப்ட் இருந்தது. அக்கா படியில் ஏறி வந்தார். அறையில் ஒரு நீள மேசை, சுற்றி வெவ்வேறு உயர நாற்காலிகள். செயலாளர் ஒரு பக்கம், பராமரிப்பு நிறுவனத்தின் வக்கீல் ஒரு பக்கம், ஆய்வாளரும் நானும் நடுவில். அக்காவும் கணவரும் கடைசியில், அக்கா நிமிர்ந்து, கணவர் நாற்காலி நுனியில்.

அதிகாரி நோட்டீஸைச் சத்தமாகப் படித்தார். செயலாளர் முகத்தில் ஈயாடவில்லை.

“அது ஏதோ ஆர்வத்துல எழுதினது சார். எனக்கு டெக்னிகலா ஒண்ணும் தெரியாது. வயர் போட்டது கம்பெனி மெக்கானிக்.”

வக்கீல் உடனே தன் கோப்பைத் திறந்தார். “எங்க மெக்கானிக் இது ஆபத்துன்னு சொல்லியிருக்கார். ‘எந்த விளைவுக்கும் சங்கமே பொறுப்பு, உடனே செய்து கொடுக்கவும்’னு செயலாளர் கைப்பட எழுதிக் குடுத்த கடிதம் இது.”

“ஆபத்துன்னு தெரிஞ்சும் போட்டீங்களா?” என்றார் அதிகாரி. வக்கீல் அந்தக் கடிதத்தைத் திரும்பக் கோப்புக்குள் வைக்கப் பார்த்தார். அதிகாரி கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

பிறகு அக்காவிடம் கேட்டார். “நீங்களும் கேட்டைச் சாத்தலதானே?”

கணவர் அக்காவைப் பார்த்தார். சாத்தினேன் என்று சொல்லிவிடு என்ற பார்வை.

“சாத்தல சார். சாத்தறதுக்குள்ள அது கிளம்பிடுச்சு. ஒரு வருஷமா யாருமே சாத்தறதில்ல, நானும் சில நாள் சாத்தினதில்ல. பழகிப்போச்சு. ஆனா ஒண்ணு கேக்கறேன் சார். மனுஷன் மறப்பான்னுதானே அங்க ஒரு பூட்டு வெச்சான்? நான் மறந்தா அது நிக்கணும். அதை மறக்க வெச்சது யாரு?”

அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டதை நான் பார்த்தேன்.

ஐந்து வாரம் கழித்து உத்தரவு வந்தது. வேலைக்காக மேலே வரவழைக்கப்பட்டவர் அத்துமீறி நுழைந்தவர் ஆக மாட்டார். ஒரு பலகையை மாட்டிவிட்டுத் தினமும் அதற்கு மாறாக அவரை அழைத்தவர்கள் அந்தப் பலகைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. பாதுகாப்புச் சுவிட்சைச் செயலிழக்கச் செய்ததற்குச் சங்கமும் பராமரிப்பு நிறுவனமும் சேர்ந்தே பொறுப்பு. ‘விளைவுக்கு நாங்களே பொறுப்பு’ என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால் மற்றவர் கை கழுவிவிட முடியாது. தெரிந்தே செய்த தவறு என்பதால் காப்பீட்டு நிறுவனம் ஒதுங்கிக்கொண்டது. இழப்பீட்டை அவர்கள் இருவரும்தான் தர வேண்டும். புதுக் கதவு பொருத்தும் வரை லிஃப்டுக்குச் சீல்.

நாலு மாதம் சீல் இருந்தது. நாற்பது வீடும் படியேறியது. அந்த நாட்களில் நான் ஒருமுறை போயிருந்தேன். ஐந்தாவது மாடிக்காரர் ஒருவர் காய்கறிப் பையோடு மூச்சு வாங்கி, தெருவைக் கடந்து வந்து அக்காவிடம் கத்தினார். “உன் ஒருத்தியால நாங்க எல்லாம் ஏறிச் சாகறோம்!”

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிறுத்தக்கூட இல்லை. “லிஃப்ட் கெட்ட நாள்ல எல்லாம் உங்க துணியோட சேத்து என்னைத் தூக்கிட்டு ஏறினேன் சார். நீங்க உங்களை மட்டும் தூக்கிட்டு ஏறுங்க.”

அவர் போன பிறகு கணவர், “அவரு இனிமே துணி போட மாட்டாரு” என்று முனகினார்.

“போடுவாரு. வேற யாரு அவரு காலரைத் தேய்ப்பா, நீயா?”

போட்டார்.

இப்போது குடியிருப்பில் லிஃப்டுக்குப் புதுக் கதவு, உள்ளும் வெளியும் தானாகவே சாத்திக்கொள்ளும். செயலாளர் மாறிவிட்டார். புதியவர் படிக்கட்டுக்கு அடியிலுள்ள இடத்தைத் திரும்பத் தருவதாகச் சொல்லி அனுப்பினார். வேண்டாம் என்று அக்கா பதில் சொல்லி அனுப்பினார். எதிரே பூட்டிக் கிடந்த அந்தக் கடையையே வாடகைக்கு எடுத்துவிட்டார்கள். அவர் மாடியேறுவதில்லை, துணியைக் கீழே கொண்டுவந்து கொடுத்து வாங்கிப் போகிறார்கள். வலது கையால் தேய்க்கிறார். இடது கையில் மிஞ்சிய மூன்று விரலாலும் மணிக்கட்டாலும் துணியைப் பிடித்துக்கொள்கிறார். சங்கம் தன் பங்கு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டது. பராமரிப்பு நிறுவனம் மேல்முறையீடு செய்திருக்கிறது. இதுவரை ஆறு முறை தள்ளிப் போட்டார்கள், ஆறு முறையும் அக்கா போயிருக்கிறார். அடுத்த விசாரணை வருகிற பதினொன்றாம் தேதி. அன்று கடை இல்லை என்று ஒரு அட்டையில் எழுதி இப்போதே வாசலில் மாட்டிவிட்டார்.